ராயபுரத்திலிருந்து ஒரு பி.ஏ. படிப்பு: என் அனுபவம்

துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகக் கொண்டு பி.ஏ. சேர்ந்தேன். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க 6 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு என்ற நினைப்பிலேயே முதல் ஆண்டு கழிந்தது. தேர்வுக்கு 70 விழுக்காடும் அசைன்மென்டுக்கு 30 விழுக்காடும் மதிப்பெண் என்பதையும், இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பதையும் அறிந்திருந்தும், நான் ஓர் அசைன்மென்டைக்கூட எழுதவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆகவே ஆறு கிரெடிட் பாடத்துக்கு 180 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி வீதம் ஆறு மாதம். எந்த ஷிப்டாக இருந்தாலும், வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து, அந்த ஒரு மணி நேரத்தை முடித்த பிறகே சாப்பிட்டேன். கடற்காற்றின் பிசுபிசுப்பில் ஜெல் பேனாவின் மை தாளில் ஊறிப் பரவியதால், பால்பாயின்ட் பேனாவுக்கு மாறினேன்.

காலனியப் பொருளாதாரப் பாடம் மட்டும் மனத்தில் நிற்கவே இல்லை. 1856இல் ஆற்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு நிலையம் வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்துடன் அங்கேயே போய் உட்கார்ந்தேன். துறைமுகத்தை உள்நாட்டுச் சந்தைகளோடு ரயில் பாதை இணைத்த விதம், அந்தப் பழைய தூண்களுக்கு நடுவே படித்தபோது தெளிவாக விளங்கியது. அன்று மாலையே அந்த அசைன்மென்டை எழுதி முடித்து, மறுநாள் படிப்பு மையத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன்.