கடற்படைப் பயிற்சி கடலை எவ்வளவு பாதிக்கும்? பினாங்குக் கடலை வைத்துக் கணக்கிட்டுப் பழகலாம்

என்னிடம் வரும் மாணவர்கள் கடற்படைப் பயிற்சியின் பாதிப்பை மதிப்பிட முதலில் டெசிபல் எண்ணைத்தான், அதாவது ஒலியின் அளவைத்தான், தேடுகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் பயிற்சியைப் பிரித்து எழுதுங்கள்: சோனார் (நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தேடும் கருவி) எத்தனை மணி நேரம், எத்தனை வெடிகள், கப்பல் என்ன வேகம், எந்த மாதம், பகலா இரவா. "பயிற்சி" என்று மொத்தமாக எழுதிவிட்டால் எதையும் அளக்க முடியாது.

அடுத்து, அங்கே வாழும் உயிர்கள். மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து வரும் கப்பல் ஒன்று பினாங்குக்கு மேற்கே சோனாரை இயக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பினாங்கின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் பச்சை ஆமை முட்டையிடுகிறது. கரையோரத்தில் ஐராவதி டால்பினும் கூன்முதுகு டால்பினும் முதுகுத்துடுப்பில்லாத கடற்பன்றியும் உண்டு. இவற்றுக்குக் கேட்கும் திறன் ஒரே மாதிரி இல்லை. ஆமைக்குப் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான் கேட்கும்; டால்பினுக்கு 100க்கு மேலும் கேட்கும். ஆகவே 3.5 கிலோஹெர்ட்ஸ் சோனார் டால்பினுக்குப் பெரிய தொல்லை, ஆமைக்கோ வெடிதான் ஆபத்து. ஒவ்வொரு உயிரையும் ஒவ்வொரு செயலோடும் தனித்தனியாகப் பொருத்திப் பாருங்கள். வேலையில் பாதி இதுதான்.

இப்போது டெசிபலுக்கு வரலாம். நீரில் சொல்லும் டெசிபலைக் காற்றில் சொல்வதோடு ஒப்பிடக்கூடாது. அடிப்படை அளவே வேறு. அமெரிக்கக் கடற்படையின் பெரிய சோனார் ஒன்று மூலத்தில் சுமார் 235 டெசிபல். ஒலி எல்லாத் திசையிலும் விரிந்தால் ஒரு கிலோமீட்டரில் அது 175 ஆகக் குறையும். கடலடித் தரைக்கும் நீரின் மேற்பரப்புக்கும் நடுவே மட்டும் விரிந்தால் 205. சூத்திரத்தை மாற்றினாலே 30 டெசிபல் வித்தியாசம்! நம் மலாக்கா நீரிணை ஆழமற்றது, அடியில் சேறு. சேறு ஒலியை விழுங்கும். உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். பயிற்சியின் பாதிப்பை மதிப்பிடும் அறிக்கை எந்தச் சூத்திரத்தை எடுத்தது, ஏன் என்பதை அவசியம் கேளுங்கள்.

இடத்தின் அமைப்பும் முக்கியம். 2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 திமிங்கில இன உயிர்கள் கரையொதுங்கின. பெரும்பாலும் அலகுத் திமிங்கிலங்கள். அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டுக் கடல்வள நிறுவனமும் சேர்ந்து ஆராய்ந்தபோது சோனாரோடு குறுகலான கால்வாய், ஒலியை மேற்பரப்பில் சிறைப்பிடித்த நீரடுக்கு, நெடுநேரம் இயங்கிய பல கப்பல்கள் என எல்லாம் சேர்ந்தே காரணம் என்று தெரிந்தது. ஒரு கப்பலுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

காது செவிடாகும் தூரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மிரண்டு ஓடும் தூரம் அதைவிட மிகப் பெரியது. இரை தேடும் இடத்தைவிட்டு ஒரு தாய் டால்பின் தொடர்ந்து விலகினால் குட்டியும் பட்டினிதான். அந்த இழப்புக்கும் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

சரி, பாதுகாப்பு ஏற்பாடு. மேல்தளத்தில் ஆள் நின்று பார்ப்பார், விலங்கு தெரிந்தால் சோனாரை நிறுத்துவார் என்று அறிக்கையில் எழுதியிருக்கும். இரவில் என்ன செய்வார்? துடுப்பே இல்லாத கடற்பன்றியைப் பகலில் பார்ப்பதே கடினம். ஆள் பார்க்கும் தூரத்தையும் பாதிப்பு எட்டும் தூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் நீரடி மைக் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடற்பன்றியின் ஒலி 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே என்பதால் சாதாரண ரெக்கார்டரில் அது பதிவாகாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் தெலுக் பஹாங் மீனவர்களிடம் தனித்தனியாகப் பேசி, எதை எங்கே பார்த்தார்கள் என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.