பரிசோதனை அறிக்கையை இணையக் குழுவில் பகிர்வதற்கு முன்

நோய் கண்டறியப்பட்ட அன்றிரவே, அதே நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்து வருபவர்களைத் தேடி ஓர் இணையக் குழுவில் சேர்வது இயல்பு. அங்கே கிடைக்கும் அனுபவ அறிவு பல நேரங்களில் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே எதையும் பகிராதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பதில் பெறுவதற்குத் தேவையானதை வைத்துக்கொண்டு, உங்களைக் காட்டிக்கொடுப்பதை மட்டும் நீக்குவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மருத்துவமனைக்கு இருக்கும் இரகசியக் கடமை குழு உறுப்பினர்களுக்குக் கிடையாது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா (மருத்துவத் தகவல் பாதுகாப்பு குறித்த) சட்டம் மருத்துவர்கள், மருத்துவமனைகள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் போன்றோரைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, நோயாளி தாமே வெளியிடுவதை அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது. உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் குழு என்பதும் முழுக்காப்பு அன்று. 2010இல் பேஷண்ட்ஸ்லைக்மீ என்ற நோயாளிகள் தளத்தில், நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் உறுப்பினராக நுழைந்து பதிவுகளை நகலெடுத்தது கண்டுபிடிக்கப்பட்டது.

படி 1: தனிக் கணக்கு

நோய் பற்றிப் பேசுவதற்கென்று புதிய மின்னஞ்சல், வேறெங்கும் பயன்படுத்தாத பயனர் பெயர், முகமில்லாத படம் ஆகியவற்றோடு தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவாக இருந்தால், உங்கள் தொலைபேசி எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியக்கூடும் என்று கருதியே முடிவெடுங்கள்.

படி 2: கேள்வியை எழுதி, பிறகு செதுக்குங்கள்

பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பதே தொடக்கநிலையினர் செய்யும் பெரிய தவறு. பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று லட்டன்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு கணித்துக் காட்டினார். தனியே பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் விவரங்கள் ஒன்று சேரும்போதுதான் பெயராக மாறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: “மார்ச் 14 அன்று எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது, வயது 34, இரட்டைக் குழந்தைகளின் தாய், வங்கிக் கிளை மேலாளர், விரல் நுனிகள் மரத்துப்போகின்றன.” இதை, “முப்பதுகளில் இருக்கும் பெண், தைராய்டு சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன, கால்சியம் குறைவாக உள்ளது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன” என்று மாற்றலாம். தேதிக்குப் பதில் இடைவெளியும், வயதுக்குப் பதில் வயது வரம்பும் வந்துவிட்டன; பதில் சொல்பவருக்குத் தேவையான எதுவும் குறையவில்லை. (இந்த அறிகுறிக்கு முதலில் அழைக்க வேண்டியது மருத்துவரைத்தான் என்பது வேறு விஷயம்.)

படி 3: அறிக்கை

படத்தைப் பதிவேற்றாமல், தேவையான இரண்டு மூன்று அளவுகளை அலகோடும், அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள இயல்பு வரம்போடும் தட்டச்சு செய்வதே மிகச் சிறந்த வழி. ஐந்து நிமிட வேலைதான்.

படம் கட்டாயம் வேண்டுமென்றால், பெயரோடு நோயாளி எண், மருத்துவர் பெயர், ஆய்வகப் பெயர், மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றையும் நீக்குங்கள். பார்கோடும் கியூஆர் கோடும் பலர் கண்ணில் படுவதே இல்லை. சில ஆய்வகங்களின் கியூஆர் கோடு முழு அறிக்கையையே திறந்துவிடும். கைபேசியில் ஹைலைட்டர் வகைத் தூரிகையால் கறுப்புப் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டி அடியிலுள்ள எழுத்தைப் படித்துவிடலாம். பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டம் வரைந்தாலும், எழுத்து அடியிலேயே இருக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். வெட்டிய படத்தையும் நம்பிவிட முடியாது: கூகுளின் பிக்சல் கைபேசிகளில் உள்ள படத் திருத்தக் கருவியில் வெட்டிய பகுதியை மீட்டெடுக்க முடிந்த பிழை 2023இல் வெளிவந்தது. எனவே தேவையான பகுதி மட்டும் திரையில் தெரியும்படி பெரிதாக்கி, அதைப் புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேமரா படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பும் அதனோடு போய்விடும்.

ஸ்கேன் குறுந்தகட்டிலுள்ள டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பை அப்படியே அனுப்பவே வேண்டாம். பெயரும் பிறந்த தேதியும் பொதுவாகக் கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

படி 4: பிறருடைய தகவல்

மரபணுப் பரிசோதனை முடிவு உங்களுடையது மட்டுமன்று. அமெரிக்காவில் பல்லாண்டு தேடப்பட்ட தொடர்கொலையாளி ஒருவர் 2018இல் பிடிபட்டது, தூரத்து உறவினர்கள் வம்சாவளி இணையத் தளங்களில் ஏற்றியிருந்த மரபணுத் தரவின் வழியாகத்தான். குற்றவாளி அகப்பட்டது நல்லதே. ஆனால் உங்கள் தரவு உங்கள் உறவினர்களையும் காட்டும் என்பது அதில் விளங்குகிறது. குழந்தையின் நோய் பற்றி எழுதும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

படி 5: விலகும்போது

பல தளங்களில் கணக்கை அழித்தாலும் பதிவுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. கணக்கு போன பிறகு அவற்றை நீக்க உங்களிடம் சாவி இருக்காது. ஆகவே பழைய பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே கணக்கை மூடுங்கள். பிறர் மேற்கோளாக எடுத்த வரிகளை நீக்கும்படி குழு நிர்வாகியிடம் தனிச்செய்தியில் கேளுங்கள். அதையும் கணக்கு உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.