பத்திரக்கட்டில் இருக்கும் வம்சாவளி: பழைய சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் பலர் சொல்லிவிடுவார்கள். அவருடைய அப்பா பெயரைக் கேட்டால் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆனால் கொஞ்சமாவது நிலபுலன் இருந்த குடும்பம் என்றால், அந்தப் பெயர் வீட்டிலேயே எழுத்தில் இருக்கும். பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும் பத்திரக்கட்டைத்தான் சொல்கிறேன். சொத்துத் தகராறு வந்தால் மட்டும் வக்கீலிடம் காட்டுகிற அந்தக் காகிதங்கள்தான், தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வம்சாவளி ஆதாரம். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்பைப் பதிய 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பழைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. பத்திரத்தில் அப்படி விட முடியாது. யார், யாருடைய மகன், எந்த ஊர் என்று எழுதியே ஆக வேண்டும்.

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஒருவர் பெயர் பத்திரத்தில் இருப்பதும் இல்லாததும் அன்றைய சட்டத்தைப் பொறுத்தது. இன்றைய சட்டத்தை நினைத்துக்கொண்டு அன்றைய காகிதத்தைப் படித்தால் குடும்பத்தில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள், முக்கியமாகப் பெண்கள்.

முதல் படி: தேதிவாரியாக அடுக்குங்கள்

பழைய பத்திரங்களில் ஆங்கிலத் தேதியோடு வேறு கணக்குகளும் கலந்து வரும். பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் பிறப்பதால், டிசம்பர் வரை 824-ம் ஜனவரியிலிருந்து 825-ம் கூட்ட வேண்டும்.

அறுபது வருடப் பெயர்கள்தான் கொஞ்சம் சிரமம். 'குரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1904-05 ஆகவும் இருக்கலாம், 1964-65 ஆகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்கு முத்திரைத்தாளைப் பாருங்கள். விக்டோரியா தலை இருந்தால் அது 1901-க்கு முன்போ அதை ஒட்டியோ அச்சான தாள். எட்வர்ட் என்றால் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1936 வரை, அப்புறம் ஆறாம் ஜார்ஜ். பழைய தாள் மிச்சமிருந்து பிறகு விற்றிருக்கலாம் என்பதால் சில வருடங்கள் தள்ளியும் போகலாம். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்றவர் அங்கே தேதியும் வாங்கியவர் பெயரும் ஊரும் எழுதியிருப்பார்.

குறியீடுகளில் இவை தெரிந்தால் போதும்: ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. தமிழ் எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௯௱௩௰௨ என்பது 1932. 1957-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை.

இரண்டாம் படி: முதல் பத்தியைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் விவரம் முதல் பத்தியில் இருக்கும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: 'காலஞ்சென்ற வேலாயுதம் இளையதாரத்துக் குமாரன் சுமார் 40 வயதுள்ள மாரிமுத்து, தனக்காகவும் தன் மைனர் குமாரன் வேலாயுதத்துக்குத் தகப்பனும் கார்டியனுமாகவும்.' இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறை இருக்கிறது.

'காலஞ்சென்ற' என்பதால் மூத்த வேலாயுதம் பத்திரத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டார். 'இளையதாரத்துக் குமாரன்' என்றால் அவருக்கு இரண்டாவது மனைவி இருந்தார், மாரிமுத்து அவர் வயிற்றுப் பிள்ளை. அப்படியானால் மூத்ததாரத்துப் பிள்ளைகள் இருந்தார்களா என்று தேட வேண்டிய கேள்வியும் கையோடு வந்துவிடுகிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் இங்கே இரண்டு வேலாயுதம். ஆரம்பத்தில் குழப்புவது இதுதான். பெயரை மட்டும் எழுதாமல் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தந்தை பெயரையும் வயதையும் சேர்த்தே எழுதிக்கொண்டு வாருங்கள்.

'சுமார்' என்ற சொல்லை அப்படியே நம்புங்கள். வயது உத்தேசம்தான். பெரும்பாலும் 40, 45, 50 என்று ஐந்தின் மடங்காகவே வரும். ஒருவர் பெயர் வரும் மூன்று நான்கு பத்திரங்களின் வயதை ஒப்பிட்டால்தான் பிறந்த ஆண்டு ஓரளவு பிடிபடும். 'மைனர்' என்பது அதைவிட உறுதியான சொல். 1875-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் மைனர், கோர்ட்டே கார்டியனை (பாதுகாவலரை) நியமித்திருந்தால் அன்று 21 வரை. ஆகவே 1932 பத்திரத்தில் தகப்பன் கார்டியனாக நிற்கும் மைனர், 1914-க்குப் பிறகு பிறந்தவர். 'தாயும் கார்டியனும்' என்று வந்தால் கவனியுங்கள். இந்து சட்டத்தில் தந்தைதான் முதல் இயற்கைக் கார்டியன் என்பதால், தாய் நின்றால் பெரும்பாலும் தந்தை இறந்திருப்பார்.

பெண்களுக்கு 'பாரியாள்', 'சம்சாரம்' இரண்டுமே மனைவிதான். 'சகோதரன்' என்ற சொல்லில் அவசரப்பட வேண்டாம். பெரியப்பா, சித்தப்பா மகனையும் அண்ணன், தம்பி என்றே சொல்வோம். தந்தை பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பங்காளி, தாயாதி என்று வந்தால் ஆண்வழியில் ஒரே மூதாதையர்.

மூன்றாம் படி: என்ன வகைப் பத்திரம், யார் கையெழுத்து தேவைப்பட்டது?

நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இதுதான்.

கிரையப் பத்திரம் என்பது விற்பனை. ஒத்தி, போக்கியம் என்றால் கடனுக்காக நிலத்தைக் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பது. இந்த இரண்டிலும் பணம் எதற்காக வாங்கினார்கள் என்ற வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். கூட்டுக்குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்க வேண்டுமானால் குடும்ப அவசியம் இருந்தாக வேண்டும் என்பது பழைய இந்து சட்ட விதி. அதனால் காரணத்தை விளக்கமாக எழுதினார்கள்: 'என் தங்கை கல்யாணச் செலவுக்காகவும்', 'என் தகப்பனார் உத்தரகிரியைச் செலவுக்காகவும்', 'என் தகப்பனார் வாங்கிய கடனுக்காகவும்'. வாங்குபவரின் பாதுகாப்புக்காக எழுதிய வரிகள் இவை. நமக்கோ வேறெங்கும் பதியாத ஒரு கல்யாணமும் ஒரு சாவும் ஏறக்குறைய எந்த வருடம் நடந்தன என்று இவையே சொல்லிவிடுகின்றன.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பெரும் பேறு. அண்ணன் தம்பிகள், இறந்துபோன சகோதரனின் மகன்கள் என்று பங்குக்கு உரிய எல்லோரும் வரிசையாக வருவார்கள். ஆனால் 1956-க்கு முந்தைய இந்துக் கூட்டுக்குடும்பப் பிரிவினையில் மகள்களுக்குப் பங்கு கிடையாது. ஆகவே 1935 பாகப்பத்திரத்தில் நான்கு மகன்கள் மட்டும் இருப்பதை வைத்து 'இவருக்குப் பெண் குழந்தை இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். கல்யாணமாகாத பெண் இருந்தால் அவள் கல்யாணச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகை அதே பத்திரத்தில் ஒரு மூலையில் இருக்கக்கூடும். அம்மாவுக்கு ஒதுக்கிய ஜீவனாம்சமும் அப்படியே. அவர் பெயரைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரிதான் பல குடும்பங்களுக்கு வழி.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் அவர் சொத்தில் மகளுக்கும் மனைவிக்கும் பங்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், அன்று திருமணமாகாதிருந்த மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகன்களுக்குச் சமமாக்கியது. 2005 மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. இதனால் 1956-க்குப் பிறகு விடுதலைப் பத்திரங்கள் பெருகின. பெண்கள் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரங்கள் இவை. விட்டுக்கொடுத்தது நியாயமா என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அத்தைகளும் பாட்டியின் அக்கா தங்கைகளும் கணவர் பெயர், புகுந்த ஊர் சகிதம் எழுத்தில் வருவது இங்கேதான். தேட முடிந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

'சுவீகாரம்' அல்லது 'தத்து' என்று கண்டால் நின்று படியுங்கள். பழைய இந்து சட்டப்படி மகனைத்தான் தத்து எடுக்கலாம். பெண்ணையும் எடுக்கலாம் என்று 1956-ல் தனியாக வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம்தான் சொன்னது. தத்துப்போனவர் அதன்பிறகு தத்தெடுத்த தந்தையின் பெயரையே போடுவார். ஒரே ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டு தந்தை பெயர் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். கொடிவழியில் (வம்சாவளி அட்டவணையில்) பிறந்த வழி, தத்து வழி இரண்டையும் எழுதுங்கள். இரண்டுமே உண்மை.

செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே உறவினருக்கு எழுதிவைப்பது. உயில் இறந்த பிறகு அமலுக்கு வரும். உயில் தேதியை இறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதுவரை சொன்ன சட்டங்கள் இந்துக் குடும்பங்களுக்கு. முஸ்லிம் சட்டத்தில் மகளுக்கு வாரிசுப் பங்கு முன்பே உண்டு, அதனால் பெண்கள் பெயர் பழைய பத்திரங்களிலும் வரும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்திரத்தோடு கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: சொத்து எப்படி வந்தது என்ற வரியைப் பிடியுங்கள்

'பிதுரார்ஜிதம்', 'பூர்வீகம்' என்றால் முன்னோர் வழி வந்தது. 'சுயார்ஜிதம்' என்றால் அவரே சம்பாதித்தது. 'சீதனம்' என்றால் பெண்ணுக்கு உரியது, அங்கே அவள் பிறந்த வீட்டுத் தகவல் கிடைக்கலாம். சுயார்ஜிதம் என்றால் அந்த நிலத்தின் வழியாக இன்னும் பின்னால் போக முடியாது. பூர்வீகம் என்றால் போகலாம். முந்தைய பத்திரத்தின் ஆண்டு, எண், சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றும் குறித்திருந்தால் அந்த மூலப்பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடலாம்.

ஐந்தாம் படி: நான்கெல்லையும் சாட்சிகளும்

சொத்து விவரத்தில் 'கருப்பன் புஞ்சைக்கு மேற்கு' என்று இருந்தால், கருப்பன் புஞ்சை மேற்கில் இல்லை, நம் நிலத்துக்குக் கிழக்கில் இருக்கிறது. அவர் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் என்பதுதான் பொருள். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லைக்காரர்களின் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பாகமானதால், பக்கத்து நிலத்துக்காரர் பங்காளியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாட்சி போட்டவர்களிலும், பதிவின்போது அடையாளம் காட்டியவர்களிலும் மாமன், மைத்துனர் இருப்பது சகஜம். உறவு எழுதியிருக்காவிட்டால் ஊகத்தை ஊகம் என்றே குறித்துவையுங்கள்.

ஆறாம் படி: அலுவலகங்களில் என்ன கேட்பது?

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு சர்வே எண்ணில் பதிவான எல்லாப் பத்திரங்களும் அதில் பட்டியலாக வரும். சமீபத்திய பல பத்தாண்டுகள் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தின்போது சர்வே எண்கள் உட்பிரிவாகிப் பல இடங்களில் மாறியிருக்கின்றன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக்கொண்ட பிறகு தேடுங்கள். கிராமம் அன்று எந்தத் தாலுகாவில், எந்தப் பதிவு எல்லையில் இருந்தது என்பதையும் பாருங்கள். நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு அன்று பதிவு கட்டாயமில்லை என்பதால், சிறு துண்டு நிலங்களுக்குப் பதிவே இல்லாமலும் போகலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் இருக்கும். அதை யாரும் பார்வையிடலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் 3-ம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். இறந்த பிறகு மனுச் செய்யும் யாருக்கும் தருவார்கள்.

மூதாதையர் இனாம் நிலம் (வரிச் சலுகையோடு மானியமாகக் கிடைத்த நிலம்) வைத்திருந்தால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858-ல் அமைந்த இனாம் கமிஷனின் விசாரணையில் உருவானது அது. முதலில் மானியம் பெற்றவர் யார், விசாரணையின்போது வைத்திருந்தவர் யார், அவர் வயது என்ன, இருவருக்கும் என்ன உறவு என்பதற்கெல்லாம் அதில் தனித்தனிப் பத்திகள் உண்டு.

குடும்பத்தில் பழைய சிவில் வழக்கு நடந்ததாகச் சொல்லக் கேட்டிருந்தால் அதையும் விடாதீர்கள். 'ரிவர்ஷனர்' என்ற சொல் வரும் வழக்குகள் முக்கியம். ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவரின் சொத்தை விதவை ஆயுள்வரை அனுபவித்த பிறகு அது யாருக்குப் போகும் என்ற தகராறு அது. உரிமை கோருபவர் தன் உறவை நிரூபிக்க வேண்டியிருந்ததால், பிராதுடன் வம்சாவளி அட்டவணையைச் சேர்ப்பது வழக்கம். வாதியின் அட்டவணையைப் பிரதிவாதி மறுத்திருப்பார். எனவே தீர்ப்பில் நீதிபதி எந்த உறவை ஏற்றார், எதைத் தள்ளினார் என்று படித்துவிட்டு அதன்பிறகு உங்கள் கொடிவழியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.