வளவில் ‘வால்-ஈ’: செட்டிநாட்டு வீட்டில் படம் போடுவது எப்படி?

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளோடு ‘வால்-ஈ’யை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2008இல் வந்த படம்; குப்பை மலைக்கு நடுவே தனியாகக் கிடக்கும் ஓர் இயந்திரத்தின் கதை. புரொஜெக்டரை இயக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நம் வீடுகளுக்கே உரிய தொல்லைகளை மட்டும் சொல்கிறேன்.

1. இணையம். முகப்பில் இருக்கும் வைஃபை, இந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வளவுக்கு, அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்துக்கு, வருவதற்குள் இளைத்துவிடும். நீளமான லேன் கம்பி ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

2. திரை. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதன்மேலேயே படத்தைப் பாய்ச்சாதீர்கள். அந்த வழவழப்பில் புரொஜெக்டரின் வெளிச்சம் நடுவில் பொட்டு வைத்ததுபோல மின்னும். விண்வெளிக் காட்சியில் இருட்டே இருக்காது. எட்டு முழ வேட்டி ஒன்று போதும். இரட்டையாக மடித்தால் சுமார் 6 அடி நீளம், 4 அடி அகலம். படத்தின் வடிவம் 2.39க்கு 1 என்பதால் 6 அடி அகலப் படத்துக்கு இரண்டரை அடி உயரம்தான் தேவை. கரை வெளியே தங்கிவிடும். சரிகைக் கரை மட்டும் வேண்டாம், அது மினுங்கும். நன்றாக இஸ்திரி போட்டு, இரு பக்கமும் மூங்கில் குச்சி செருகி, இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

3. ஒலி. இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் படத்தில் பேச்சே அநேகமாகக் கிடையாது. கிரீச், டொக், விர் என்ற சத்தங்கள்தான் கதை சொல்கின்றன. அவற்றை உருவாக்கியவர் பென் பர்ட். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஆர்2-டி2 என்ற ரோபோவுக்குக் குரல் கொடுத்த அதே ஒலிக் கலைஞர். இத்தனை நுணுக்கத்தையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உயரமான கூரையும் சேர்ந்து ஒரே இரைச்சலாக்கிவிடும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும், அவ்வளவுதான். தரை முழுக்க ஜமுக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள் (ஆச்சியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்). கைதட்டிப் பாருங்கள், தட்டிய சத்தம் திரும்பி வராமல் அடங்கினால் சரி. ஸ்பீக்கர் மூலையில் இருக்கக் கூடாது. திரைக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில் இருக்கட்டும்.

புளூடூத் ஸ்பீக்கரை நான் சேர்ப்பதில்லை. வால்-ஈ குப்பையை வயிற்றுக்குள் அமுக்கிக் கட்டியாக வெளியே தள்ளும்போது, கட்டி விழுந்த பிறகு ‘தொப்’ என்ற சத்தம் வந்து சேரும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதுவேதான் கண்ணில் படும். இதற்கும் கம்பிதான் மருந்து.

4. அமைப்புகள். ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தில் அது தானாக இடைச்சட்டகங்களை நுழைத்து, எல்லாவற்றையும் தொலைக்காட்சித் தொடர்போல வழுக்க வைக்கும்.

பின்சேர்க்கை: பக்கத்து அறையில் பெரியவர்கள் தூங்குகிறார்கள், படத்தில் வரும் இன்னொரு இயந்திரமான ஈவா கையை நீட்டிச் சுடும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறார்கள் என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ‘நைட் மோடு’ இருந்தால் போடுங்கள். பெரிய சத்தத்தைத் தணித்துச் சின்னச் சத்தத்தை உயர்த்தும். ஆனால் ஒலியின் ஏற்ற இறக்கம் போய்விடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. படமே 98 நிமிடம்தான். வளவில் வெளிச்சம் அடங்கியதும் ஏழேகாலுக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். சாப்பாட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.