மடக்கு ஹெல்மெட்: வாங்கும்போதும் அணியும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே தெரியும். சைக்கிளை மடக்கி ரயிலில் ஏற்றிவிடலாம், ஹெல்மெட்டை என்ன செய்வது? பைக்குள் வைத்தால் பாதிப் பை போய்விடும். வெளியே தொங்கவிட்டால் நெரிசலில் பக்கத்தில் நிற்பவரை இடிக்கும். சிங்கப்பூரில் 120 x 70 x 40 செ.மீ. அளவுக்குள் மடங்கும் சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக அனுமதி உண்டு. அதே ஊரில் 2019 பிப்ரவரியிலிருந்து சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். அலுவலகம் போகும் வழியில் கொஞ்ச தூரம் சாலை, கொஞ்ச தூரம் ரயில் என்றிருப்பவர்கள் மடக்கு ஹெல்மெட்டைத் தேடுவது நியாயம்தான்.

நல்ல மடக்கு ஹெல்மெட் நம்பி அணியக்கூடிய பொருள், நான் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் சாதாரண ஹெல்மெட்டில் அசையும் பாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை, இதில் உண்டு. கீல், பூட்டு, நழுவும் வளையம் என்று ஏதாவது ஒன்று தினமும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலில், தேவையில்லாதவர்களும் இதை வாங்குகிறார்கள். வீட்டிலிருந்து நேராக அலுவலகத்துக்கு ஓட்டிப் போய், அங்கே லாக்கரோ மேசையோ இருக்கிறவருக்கு இது எதற்கு? அதே பணத்துக்கு எடை குறைவான, காற்றோட்டம் அதிகமான சாதாரண ஹெல்மெட் கிடைக்கும். சாய்வாக விழும்போது தலை சுழலும் விசையைக் குறைக்கிற மிப்ஸ் அடுக்கும் அதில் இருக்கும். பெரும்பாலான மடக்கு மாதிரிகளில் மிப்ஸ் கிடையாது. எடையும் 400, 500 கிராம் என்று போகும். நம் ஊர் வெயிலில் அந்தக் கூடுதல் எடையும் குறைந்த காற்றுத் துளைகளும் நன்றாகவே உறைக்கும். ரயில், பஸ், வாடகை சைக்கிள், வெளியூர்ப் பயணம் என்று ஹெல்மெட்டைத் தூக்கிச் சுமக்க வேண்டியவருக்குத்தான் இது. அவருக்கு மட்டும் இது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் வீட்டில் கிடக்கும் அருமையான ஹெல்மெட்டைவிடப் பையில் இருக்கும் சுமாரான ஹெல்மெட் மேல்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது. ஆன்லைனில் தேடினால் தொப்பி மாதிரி, துணி போர்த்திய, இரண்டாக மடங்கும் பொருள்கள் வரிசையாக வரும். விலை குறைவு, பார்க்கவும் அழகு. ‘சிஇ (ஐரோப்பியச் சந்தைக்கான குறி) சான்று பெற்றது’ என்றும் போட்டிருக்கும். அந்த இரண்டு எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இஎன் 812 என்று இருந்தால் அது சைக்கிள் ஹெல்மெட்டே அல்ல. கிடங்கிலும் பட்டறையிலும் தாழ்வான கம்பியில் தலை இடிக்காமலிருக்கத் தொழிலாளர்கள் போடும் தொப்பிக்கான ஐரோப்பியத் தரம் அது. சைக்கிளுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1078. அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி 1999 முதல் கட்டாயம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2063.

இந்தத் தரங்களின் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எண்ணின் மதிப்பு புரியும். உலோகத் தலை வடிவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி உயரத்திலிருந்து விழவைப்பார்கள். ஐரோப்பியச் சோதனையில் தட்டையான இரும்பின் மேல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து, நடைபாதை விளிம்பு போன்ற கூரான இரும்பின் மேல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து. தலைக்குள் பதிவாகும் அதிர்ச்சி 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கை, தாண்டக் கூடாது. அமெரிக்கச் சோதனையில் தட்டை இரும்புக்கு 2 மீட்டர் உயரம், வரம்பு 300 ஜி. வேகக் கணக்கில் சொன்னால், மோதும் நேரத்தில் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதாவது சைக்கிளிலிருந்து தரையில் விழும் தலைக்கான பாதுகாப்பு இது. கார் மோதினால் என்ன ஆகும் என்று எந்தச் சைக்கிள் ஹெல்மெட்டும், மடங்கினாலும் மடங்காவிட்டாலும், உறுதி தராது.

மடக்கு ஹெல்மெட்டுக்கும் சலுகை கிடையாது, அதே சோதனைதான். ஆகவே சான்றுள்ள மடக்கு ஹெல்மெட்டைப் பார்த்து ‘மடங்குகிறதே, தாங்குமா’ என்று பயப்பட வேண்டாம். சான்றில்லாததைக் கையில் தொடவும் வேண்டாம். உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் தர எண், தயாரிப்பாளர் பெயர், தலை அளவு, எடை, தயாரித்த காலம் எல்லாம் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த லேபிளின் படத்தைக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பரிசு வாங்கிய வடிவமைப்புகளைப் பார்த்து மயங்குவதும் ஒரு பொறி. தேன்கூடு போல மடித்த காகிதத்தில் செய்த ஈக்கோஹெல்மெட் 2016-இல் ஜேம்ஸ் டைசன் விருது வாங்கியது. வாடகை சைக்கிள் எடுப்பவருக்கென்று யோசித்த அருமையான வடிவமைப்பு. ஆனால் விருது வேறு, சான்று வேறு. மக்களிடம் முன்பணம் திரட்டித் தயாரிக்கப்படும் மாதிரிகளுக்கும் இது பொருந்தும். சான்று கையில் வந்தபின் வாங்கினால் போதும். கழுத்தில் பட்டை போலச் சுற்றிக்கொள்ளும், விபத்தில் காற்றுப்பையாக விரியும் ஸ்வீடனின் ஹோவ்டிங்கும் பயணிகளிடையே பிரபலமாக இருந்தது. 2023 இறுதியில் அதற்கு விற்பனைத் தடை வந்தது, நிறுவனமும் திவாலானது. பழைய விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்று இப்போது யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் மடக்கு ஹெல்மெட் கொஞ்சம் கறாரானது. சாதாரண ஹெல்மெட்டின் பின்னால் ஒரு சக்கரம் இருக்கும், திருகினால் இறுகும். பல மடக்கு மாதிரிகளில் அது இல்லை. உள்ளே ஒட்டும் பஞ்சுப் பட்டைகளின் தடிமனை மாற்றித்தான் பொருத்த வேண்டும், அளவும் இரண்டு மூன்றுதான் வரும். அதனால் ‘எம் போதும்’ என்று குத்துமதிப்பாக வாங்கக் கூடாது. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்னந்தலையின் புடைப்பைச் சுற்றி இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். அணிந்தபின் வாரைப் பூட்டாமல் தலையை இடம் வலமாக ஆட்டுங்கள், ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். நெற்றி தெரிய அழகாகப் பின்னால் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. முகம் குப்புற விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த நெற்றிதான்.

அடுத்தது, முழுதாகத் திறக்காமல் போடுவது. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பெயினின் குளோஸ்கா போன்றவற்றில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி உயரம் பாதியாகும். பிரான்ஸின் ஓவரேட் போன்றவற்றில் பக்கங்கள் நடுப்பகுதிக்குள் போய்விடும். பிரிட்டனில் வந்த மார்ஃபர் நடுவில் மடங்கித் தட்டையாகும். எந்த வகையானாலும் சோதனைச்சாலையில் அது தாங்கியது முழுக்க விரிந்து, தன் இடத்தில் உட்கார்ந்த நிலையில்தான். ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் ஒரு பக்கம் அரைகுறையாக நின்றுவிட்டால், தலையில் இருப்பது வேறு ஒரு பொருள். தலை உள்ளே போய்விட்டதே, திறந்துதானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். போடுவதற்கு முன்பு இரு உள்ளங்கைகளாலும் பக்கங்களைப் பிடித்து லேசாக உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். பூட்டுள்ள மாதிரியென்றால் ‘டக்’கென்ற சத்தம் முன்பே கேட்டிருக்க வேண்டும், அழுத்தும்போது துளியும் நகரக் கூடாது. அப்புறம் இணைப்புக் கோட்டில் விரலை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா? பைக்குள்ளிருந்து வந்த மணலோ, முடியோ, சாக்லேட் தாளோ கீலுக்குள் சிக்கியிருந்தால் இடைவெளி ஒரு பக்கம் பெரிதாகத் தெரியும். பத்து நொடி வேலைதான். நழுவும் பாகங்களைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், அதையும் அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். தளர்ந்துபோனதை வீட்டில் பசை போட்டோ தையல் போட்டோ சரிசெய்ய முயல வேண்டாம்.

மடங்கியிருக்கும்போது உடையாது என்ற நம்பிக்கையும் தவறு. பெரும்பாலும் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த தெர்மோகோல் வகைதான், கெட்டியான ரகம். மோதும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே அதன் வேலை, ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. அதை லேப்டாப், இரும்புப் பூட்டு, தண்ணீர்ப் புட்டியோடு ஒரே அறையில் திணித்து, பையைத் தரையில் தொப்பென்று போட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் விழுந்துகொண்டே வரும். பூட்டுக்குத் தனி அறை கொடுங்கள். விமானத்தில் போகும்போது சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மடங்கும் ஹெல்மெட் வாங்கியதே அதற்காகத்தானே. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் விடுவதும் கூடாது. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பதும் கூடாது, தெர்மோகோலை அவை கரைத்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெயும் வியர்வையும் ஊறிய பஞ்சுப் பட்டைகளைக் கழற்றித் துவைத்து, நிழலில் காயவையுங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் விதி மாறுவதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-லேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது, நியூசிலாந்து 1994-இல். ஸ்பெயினில் பெரியவர்களுக்கு ஊர் எல்லைக்கு வெளியே கட்டாயம். ஜப்பானில் 2023 ஏப்ரலிலிருந்து எல்லா வயதினரும் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் உங்கள் ஹெல்மெட்டின் தர எண்ணைப் போகும் மாநிலம் ஏற்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில் இன்னொரு பழக்கம் பரவுகிறது. கையடக்கமாக இருக்கிறதே என்று இதையே போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போவது. தயவுசெய்து வேண்டாம். மோட்டார் வாகனத்துக்கு ஐஎஸ் 4151 தரத்தில் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட் வேண்டும். அதன் மேலோடும் வாரும் வேறு, தாங்க வேண்டிய வேகமும் வேறு. போலீஸ் நிறுத்துவது சின்ன விஷயம், தலையை நினைத்துப் பாருங்கள்.

விழுந்து தலை அடிபட்டால் ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். சாதாரண ஹெல்மெட்டில் விரிசலைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இதில் கீலுக்கு அடியிலும் வளையத்தின் மறைவிலும் விரிசல் ஒளிந்துகொள்ளும். தூக்கிப் போடும்போது வாரைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள், குப்பையிலிருந்து எடுத்து வேறு யாரும் அணியாமலிருக்க.