மூளையின் சிறு நாடியில் இரத்தக் கட்டி: எப்போது, எப்படி எடுப்பது?

பாரிசவாதத்தில் மூளையின் பெரிய நாடி (இரத்தக் குழாய்) அடைபட்டால், அந்த இரத்தக் கட்டியை எடுப்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. 0.75 முதல் 2 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள கிளைகளில்தான் யோசிக்க வேண்டும். முன்மூளை நாடிக் கிளை அடைபட்டால் பெரும்பாலும் ஒரு கால்தான் பலமிழந்து இழுபடும். தேயிலைக் கொழுந்து மலையில் அப்படி நடந்தால் "மரத்துப்போச்சு" என்று லயத்து வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். பாரிசவாதத்தில் கைநழுவும் நேரம் அதுதான்.

காலைப் பிரட்டில் (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) நன்றாக நின்றாரா? கடைசியாக நலமாகப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஸ்கானுக்கு முன் அஸ்பிரின் வேண்டாம். அடைப்பா கசிவா என்பது ஸ்கானில்தான் தெரியும்.

அடைப்பு என்றால், மருந்துக்குத் தடையில்லாதவருக்கு அந்த நேரத்திலிருந்து 4.5 மணித்தியாலத்துக்குள் கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. 50 கிலோ உள்ளவருக்கு 45: அதில் 4.5 ஒரு நிமிடத்தில் ஊசியாக, மீதி 40.5 ஒரு மணித்தியாலத்தில். தொடங்குமுன் பிரஷர் 185/110க்குக் கீழே இறங்க வேண்டும்.

இனி கட்டியை எடுக்கும் கருவிகள். வலைச்சுருள் முறையில் மெல்லிய கம்பி கட்டியைத் தாண்டிப் போகும். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வலை விரிந்து, சில நிமிடம் பொறுத்தபின் மெல்ல இழுக்கப்படும். வளைந்த நாடி இழுபட்டு நேராகும்போது, அதிலிருந்து பிரியும் நுண்கிளைகள் அறுந்து மூளையின் மேற்பரப்பில் இரத்தம் கசியலாம். இங்கே அவசரம் கூடாது.

உறிஞ்சும் குழாய்க்குக் கட்டியைத் தாண்டத் தேவையில்லை. அதன் முகத்தில் ஒட்டினால் போதும். பம்ப் குழாயில் இரத்த ஓட்டம் நின்றால் ஒட்டிவிட்டது. தாராளமாக ஓடினால் இல்லை. ஓட்டம் நின்றும் கட்டி வராவிட்டால், நாடிச் சுவரையே உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கூர்மையான வளைவுகளில் குழாய் போய்ச் சேராததே இதன் பெருங்குறை.

கட்டி இறுகியிருந்தால் இரண்டையும் சேர்க்கலாம்: வலையைக் குழாய் வாய்வரை இழுத்து, கட்டியை இடையில் பிடித்தபடி இரண்டையும் ஒன்றாக வெளியே எடுப்பார்கள். கம்பி தாண்டும் ஆபத்து இதிலும் உண்டு. இரண்டு முயற்சியில் திறக்காத சிறுகிளையை விட்டுவிடுவதே எங்கள் கருத்து.

இத்தகைய சிறுகிளை அடைப்புகளைப் பற்றி 2025இல் வெளியான எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் ஆய்வுகள் இரண்டிலும், மருந்துச் சிகிச்சையைவிடக் கட்டியெடுப்பு நல்ல பலன் தரவில்லை. அறிகுறி தரும் மூளைக் கசிவு முதலாவதில் கட்டியெடுத்தவர்களில் 5.4%, மருந்து மட்டும் பெற்றவர்களில் 2.2%; இரண்டாவதில் முறையே 5.9%, 2.6%. ஆகவே ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகள் வழியே கொழும்புக்கு அனுப்புவதானாலும், தகுதியுள்ளவருக்கு மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டே அனுப்புங்கள்.