பழைய 1.6 லிட்டர் இன்ஜினில் சூப்பர்சார்ஜர்: 6 பிஎஸ்ஐக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதைப் பொருத்த ஸ்பேனரை எடுக்கும் முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். பத்து வயதைத் தாண்டி, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அனுமதியில்லாத மாற்றம் அங்கே மாட்டிக்கொள்ளும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை ஆகாது. தரைவீட்டுப் போர்ச்சில் செய்யலாம்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்ப்பது. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை (காற்று நுழையும் கதவை) முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். குறைவான சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

மினி கூப்பர் எஸ் காரின் பழைய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் இந்த அளவு இன்ஜினுக்குப் பொருந்தும். ஒரு சுற்றுக்கு அது 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும்; உங்கள் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர் இழுக்கும். 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு (கூடுதல் காற்றழுத்தம்) வெளிக்காற்றைப்போல 1.41 மடங்கு அழுத்தம், அதாவது 1.13 லிட்டர் வேண்டும். 1.13-ஐ 0.74-ஆல் வகுத்தால் சுமார் 1.53; இன்ஜின் ஒருமுறை சுற்றும்போது சார்ஜர் அத்தனை முறை சுற்ற வேண்டும். கிராங்க் புல்லி (இன்ஜின் தண்டின் பெல்ட் சக்கரம்) 130 மி.மீ. என்றால் சார்ஜர் புல்லி 85 மி.மீ. கசிவும் வெப்பமும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் அசைக்கும். கடைசித் தீர்ப்பு பூஸ்ட் மீட்டருடையதுதான்.

சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட்டைத் தடித்த எஃகில் செய்யுங்கள். புல்லிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் விளிம்பிலிருந்து பிய்யத் தொடங்கும். ஐட்லரை (பெல்ட்டை இறுக்கும் சக்கரம்) பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில் வையுங்கள். பிசிவி குழாயில் (கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் குழாய்) ஒருவழி வால்வு போட மறப்பவர்கள் நிறைய: பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் புகுந்து சீல் வழியே ஆயிலைத் தள்ளிவிடும். பிரேக் பூஸ்டர் குழாயின் வால்வையும் சோதியுங்கள். தேவையற்றபோது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு இல்லாமல் ஓட்டினால் மெதுவாகப் போகும்போதும் காற்று வீணாகச் சூடேறும்.

நம் ஊரில் பெரிய எதிரி இந்தச் சூடுதான். 33 டிகிரி காற்று, எம்45 போன்ற ரூட்ஸ் வகை சார்ஜரில் 6 பிஎஸ்ஐயிலேயே ஏறக்குறைய 85 டிகிரிக்குப் போகும். பானெட்டுக்குள்ளிருந்து காற்றை இழுத்தால் இன்னும் மோசம். குழாயை முன் கிரில்லுக்குக் கொண்டுபோங்கள். கம்ப்ரஷன் விகிதம் 10-ஐத் தாண்டிய இன்ஜினுக்கு இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் கருவி) கட்டாயம். பெட்ரோல் 98 ஆக்டேன் மட்டும்.

150 குதிரைத்திறன் குறி என்றால் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 300 சிசி தரவேண்டும். பழைய மேப் சென்சாருக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பூஸ்ட் தெரியாது. 2 பார் சென்சார் போட்டு இசியூவை (இன்ஜின் கணினியை) ட்யூன் செய்யுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மி.மீ. பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 முதல் 12 வரை. தீப்பொறி டைமிங்கை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் குறைத்துத் தொடங்குங்கள்.

முதல் ஓட்டம் டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி) இருக்கட்டும். காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 12.5-க்கு மேல் ஏறினாலோ கிண்கிண் சத்தம் கேட்டாலோ உடனே காலை எடுங்கள். பிஸ்டன் ஓட்டையாகச் சில நொடிகள் போதும்.